ஐந்தே நாளில் கிளிமஞ்சாரோவா? ஆளை விடுங்க சாமி!

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. மார்ச் இயர் எண்டு, அப்புறம் ஆடிட், அப்புறம் ஆடிட்டுக்குப் பதில் எழுதுற வேலை... பேங்க்கில் குப்பை கொட்டுறவங்களுக்குத் தெரியும். இன்னிக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் கோபம். பதிவு கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

விஷயம் இதுதான். போன மாதம் முதல் சனிக்கிழமை. (இரண்டாவது, நாலாவது சனிதானே நமக்கு லீவு.) மதியம் கூட்டம் வடிஞ்ச நேரத்தில், எங்க ராஜ்கோட் பிராஞ்சுக்குப் புதுசா வந்திருக்கிற பி.ஓ. தம்பி என் சீட்டுக்கு வந்தான். திண்டுக்கல் பக்கத்துப் பையன். செல்போனை நீட்டினான்.

"சார், நீங்க கிளிமஞ்சாரோ போயிருக்கீங்கன்னு சொன்னாங்க. இதைப் பாருங்களேன். அஞ்சு நாள் ரூட். விலை ரொம்பக் கம்மி. 98 சதவீத வெற்றியாம். புக் பண்ணிடவா?"

வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம். மலை உச்சியில் மூவர்ணக் கொடியோட ஒருத்தர் சிரிக்கிறார். கீழே கொட்டை எழுத்தில் விலை. எத்தனையாவது நாள் எந்த உயரத்தில் தூங்குவோம் என்று ஒரு வரி இல்லை.

"தம்பி, புக் பண்ணாதே"ன்னேன். அவன் முகம் வாடிடுச்சு. ஏன் வேண்டாம்னு கவுன்ட்டரில் நின்னுக்கிட்டு முழுசா சொல்ல முடியலை. அதைத்தான் இங்கே சொல்றேன். அவனுக்கு மட்டும் இல்லை. குஜராத்துக்கு வந்த பிறகு இந்தக் கேள்வியை என்கிட்டே கேட்ட பத்தாவது ஆள் அவன். இங்கே பாதி வாடிக்கையாளர்களுக்குத் தார் எஸ் ஸலாமிலோ ஆரூஷாவிலோ சித்தப்பாவோ மாமாவோ இருக்காங்க. என்.ஆர்.ஐ. டெபாசிட் புதுப்பிக்க வர்றவங்க தான்சானியாவைப் பத்தி நாம சிவகாசியைப் பத்திப் பேசுற மாதிரி பேசுவாங்க. அதனால கிளிமஞ்சாரோ ஆசை இங்கே தொற்றுவியாதி. எனக்கும் அப்படித்தான் தொத்திக்கிச்சு.

முதல்ல தெரியாதவங்களுக்கு. கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். ஆப்பிரிக்காவிலேயே உயரமான மலை. உச்சிக்குப் பேரு உஹூரு, ஸ்வாஹிலியில் 'சுதந்திரம்'. கயிறு, கோடாரி எதுவும் வேண்டாம், நடந்தே ஏறலாம். ஆனா தனியா போக முடியாது. 1991லிருந்து உரிமம் உள்ள வழிகாட்டி கட்டாயம். அதனால நாம எடுக்கிற முடிவு ரெண்டே ரெண்டுதான்: எந்தப் பாதை, எத்தனை நாள். இந்த ரெண்டையும் நம்ம ஆளுங்க எடுக்கிற விதத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியுது. புடவை எடுக்கக்கூட நாலு கடை ஏறி இறங்குற ஜனம், மலைக்கு மட்டும் 'எது கம்மி விலை, எது கம்மி நாள்'னு பார்த்துட்டு டிக்கெட் போட்டுடுது.

பாதைகள் ஆறேழு இருக்கு. அதில் ஐந்து நாளில் முடியும்னு அதிகமா விக்கிறது மராங்கு. கோகோ கோலா ரூட்னு செல்லப்பேர். கூடாரம் இல்லை, மரக் குடிசையில் கட்டில் மெத்தையோட படுக்கலாம். கேட்கவே சுகமா இருக்குல்ல? இப்போ கணக்கைப் பாருங்க. முதல் ராத்திரி மண்டாரா குடிசை, 2,720 மீட்டர். ரெண்டாம் ராத்திரி ஹொரோம்போ, 3,720 மீட்டர். மூணாம் ராத்திரி கிபோ, 4,720 மீட்டர். அங்கேயும் தூங்க விடமாட்டாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு எழுப்பி, நடுராத்திரியில் உச்சிக்குக் கிளப்பிடுவாங்க. இன்னொரு 1,175 மீட்டர்.

அதாவது ஒவ்வொரு நாளும் ஆயிரம் மீட்டர் தாவல். மலை மருத்துவம் தெரிஞ்சவங்க சொல்ற பொதுவான விதி என்ன தெரியுமா? 3,000 மீட்டருக்கு மேலே போயிட்டா, தூங்குற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதே. மூணு நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு நாள் ஏறாம இரு. இந்த ஐந்து நாள் திட்டம் அந்த விதியை மீறுதுன்னு சொன்னா போதாது, நேரா ரெண்டு மடங்கு மீறுது. கடன் வாங்குறவரோட சம்பளத்தைப் போல ரெண்டு மடங்கு இ.எம்.ஐ. போட்டு லோன் சாங்ஷன் பண்ற மாதிரி. நான் அப்படி ஒரு ஃபைலை அனுப்பினா என் மேனேஜர் என்னைச் சும்மா விடுவாரா?

உச்சியில் காற்றில் ஆக்ஸிஜன் சதவீதம் குறையறதில்லை, அழுத்தம்தான் குறையுது. கடல் மட்டத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிறதில் ஏறத்தாழ பாதிதான் அங்கே கிடைக்கும். அதுக்கு உடம்பு பழகும். நல்லாவே பழகும். ஆனா அதுக்கு வேண்டியது நாள். காசு குடுத்து அவசரப்படுத்த முடியாத சில விஷயங்களில் இதுவும் ஒண்ணு, பிரசவம் மாதிரி.

இப்போ நம்ம மக்கள் சொல்ற சமாதானங்களை ஒவ்வொண்ணா எடுத்துக்கலாம்.

"நான் மாரத்தான் ஓடுறவன் சார், எனக்கென்ன?" இது முதல் சமாதானம். உடல் தகுதி கால் வலியிலிருந்து காப்பாத்தும். உயர நோயிலிருந்து காப்பாத்தாது. சொல்லப்போனா வேகமா நடக்கிற திடகாத்திரமான ஆளுங்கதான் சீக்கிரம் மாட்டிக்கிறாங்க, உடம்பு பழகுறதுக்கு முன்னாடி கால் மேலே கொண்டுபோய் விட்டுடுது. அங்கே வழிகாட்டிகள் நிமிஷத்துக்கு ஒருதரம் 'போலே போலே'ன்னு சொல்லிக்கிட்டே வருவாங்க. 'மெல்ல மெல்ல'ன்னு அர்த்தம். ஏஜென்ட்டோ 'சீக்கிரம் சீக்கிரம்'னு விக்கிறான். ரெண்டுல யாரை நம்புறதுன்னு நீங்களே சொல்லுங்க.

ரெண்டாவது, "லீவு இல்லை". இது எனக்கும் தெரியாதா? முக்கியமான சீட்டில் இருக்கிற ஆட்களை வருஷத்துக்கு ஒருமுறை 10 வேலைநாளாவது சேர்ந்தாப்பல லீவில் அனுப்பணும்னு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு. ஆனா அது முன்கூட்டிச் சொல்லாம திடீர்னு குடுக்கிற லீவு. அதை நம்பி ஃப்ளைட் டிக்கெட் போட முடியாது :-) சரி, பி.எல். கணக்குக்கே வருவோம். போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள். ஐந்து நாள் பாதைக்கு மொத்தம் 9 நாள். எட்டு நாள் பாதைக்கு 12 நாள். வித்தியாசம் மூணே நாள். வாழ்க்கையில் ஒருதரம் போற இடத்துக்கு மூணு நாள் பி.எல். இல்லைன்னா, இன்னும் ஒரு வருஷம் லீவைச் சேர்த்துட்டுப் போங்களேன். மலை எங்கேயும் ஓடிடாது. 'பனி உருகிடும், அதுக்கு முன்னாடி பார்த்துடுங்க'ன்னு ஒரு விளம்பரம். 1912லிருந்து பார்த்தா அங்கே இருந்த பனியில் 80 சதவீதத்துக்கு மேல போயிடுச்சு, அது நிஜமான சோகம். ஆனா மிச்சம் இருக்கிறது அடுத்த வருஷம் நீங்க போறதுக்குள்ள உருகிடாது.

மூணாவது, "காசு". வாங்க, இது நம்ம ஏரியா. நான் ரெண்டாம் தடவை போனது 2022ல். அப்போ வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் ஒரு நாளைக்கு 70 டாலர். கூடாரம் போடுற பாதையில் முகாமுக்கு ராத்திரிக்கு 50 டாலர், மராங்கு குடிசைக்கு 60 டாலர். மீட்புக் கட்டணம் 20. எல்லாத்துக்கும் மேல 18 சதவீத வரி. கூட்டிப் பாருங்க. ஐந்து நாள் மராங்கு: 350 + 240 + 20 = 610, வரியோட 719 டாலர் 80 சென்ட். எட்டு நாள் லெமோஷோ: 560 + 350 + 20 = 930, வரியோட 1,097 டாலர் 40 சென்ட். வித்தியாசம் 377 டாலர் 60 சென்ட். அன்னிக்கு டாலர் 80 ரூபாய்னு வெச்சா முப்பதாயிரம் ரூபாய் சொச்சம். சாப்பாடு, கூலின்னு இன்னும் கொஞ்சம் சேரும். ஃப்ளைட், விசா, பூட்ஸ், ஜாக்கெட் எல்லாம் சேர்த்து எனக்கு மூணேகால் லட்சம் ஆச்சு. அதில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய பத்து சதவீதம். இந்தப் பத்தை மிச்சம் பிடிக்கப் போய், பாக்கி தொண்ணூறையும் கிபோ குடிசை வாசலில் வாந்தியா எடுக்கணுமா?

இதே கணக்கை இன்னொரு பக்கமும் திருப்பிப் பாருங்க. எட்டு நாள் பாதையை ஒருத்தர் 1,300 டாலருக்குத் தர்றார்னு வைங்க. பூங்காவுக்கே 1,097 போயிடுச்சு. மிச்சம் 200 டாலர். அதில்தான் வழிகாட்டி, உதவி வழிகாட்டி, சமையல்காரர், ஒரு ஆளுக்கு மூணு நாலு சுமைதூக்கிகள், எட்டு நாள் சாப்பாடு, வண்டி, கூடாரம், அவரோட லாபம் எல்லாம். எப்படி முடியும்? முடியாது. சுமைதூக்கியோட கூலியிலும் சோத்திலும்தான் கை வைக்கிறாங்க. ஒரு ஆளுக்கு 20 கிலோதான் சுமைன்னு பூங்கா விதி இருக்கு, வாசலில் எடையும் போடுறாங்க. கூலி ஒழுங்கா போய்ச் சேருதான்னு பார்க்கிறதுக்குன்னே கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட்னு ஒரு அமைப்பு 2003லிருந்து இருக்கு. நீங்க பேசுற கம்பெனி அதோட பங்காளியா இல்லையான்னு கேக்க ஒரு நிமிஷம் ஆகும். 'கம்மி விலை'ன்னா அந்தக் கம்மியை யார் கட்டுறாங்கன்னு கேட்கணும். காமர்ஸ் படிச்சவனுக்கு டெபிட் இருந்தா கிரெடிட் எங்கேன்னு தேடுற புத்தி போகாது.

நாலாவது, "98 சதவீத வெற்றி". யார் ஆடிட் பண்ணினது? அவங்களேதான் போட்டுக்கிட்ட மார்க். எத்தனை நாள் பாதைக்கு, எத்தனை பேர் போய், எத்தனை பேர் உஹூரு வரைக்கும்? விளிம்பில் இருக்கிற கில்மன்ஸ் பாயின்ட்டைத் தொட்டவங்களையும் சேர்த்தா, சேர்க்காமலா? ஆடிட் பண்ணாத பேலன்ஸ் ஷீட்டைக் காட்டி யாராவது லோன் கேட்டா நாம டீ குடுத்து அனுப்பிடுவோம். இங்கே மட்டும் ஏன் பல்லை இளிச்சுக்கிட்டு அட்வான்ஸ் குடுக்கிறோம்?

இவ்வளவு நீட்டி முழக்குறானே, இவன் என்ன பெரிய யோக்கியனான்னு கேட்பீங்க. இல்லை. அதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

2017 ஜனவரி. முதல் தடவை. நானும் என்னோட பி.காம். படிச்ச நண்பனும். அவனுக்கு சிவகாசியில் சொந்தமா சின்ன அச்சகம். பாதை, கம்பெனி, நாள் எல்லாம் முடிவு பண்ணினது நான்தான். "நீ பாத்துக்க மாப்ள, பேங்க் ஆபீசர் போட்ட கணக்கு தப்பாவா போகும்"னான். நான் ஐந்து நாள் மராங்கு போட்டேன். காரணம் என்னன்னா, அதுதான் கம்மி விலை, அதுதான் கம்மி நாள். திண்டுக்கல் தம்பியும் நானும் ஒரே ஜாதி, புரியுதா?

ஹொரோம்போவிலேயே அவனுக்குத் தலைவலி. கிபோவுக்குப் போய்ச் சேர்ந்தப்போ ரெண்டு தடவை வாந்தி. சூப்பைக்கூடத் தொடலை. ராத்திரி பதினோரு மணிக்கு வழிகாட்டி வந்து, எப்படி இருக்குன்னு கேட்டார். நண்பனுக்கு இங்கிலீஷ் சரளமா வராது. என் முகத்தைப் பார்த்தான். "மாப்ள, தலை வெடிக்குதுடா"ன்னு என்கிட்டே சொன்னான். நான் வழிகாட்டிகிட்டே, "லேசான தலைவலிதான், சமாளிச்சுக்குவான்"னு மொழிபெயர்த்தேன்.

ஆமா. நான்தான் அப்படிச் சொன்னேன். இவ்வளவு செலவு பண்ணி வந்தாச்சு, இன்னும் ஆறேழு மணி நேரம்தானேன்னு நினைச்சேன்.

கிளம்பி ஒன்றரை மணி நேரத்தில் அவன் குடிகாரன் மாதிரி தள்ளாடினான். வழிகாட்டி நிறுத்தி, ஒரு பாதத்தின் குதிகாலை அடுத்த பாதத்தின் விரலோட ஒட்டி வெச்சு நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூணாவது அடியில் சரிஞ்சு விழுந்தான். மூளையில் நீர் கோத்துக்கிறதோட அடையாளம் அதுன்னு பின்னாடிதான் படிச்சேன். வழிகாட்டி ஒரு நொடி யோசிக்கலை. உதவி வழிகாட்டியையும் ஒரு சுமைதூக்கியையும் கூட்டி, இருட்டிலேயே அவனைக் கீழே அனுப்பினார். நான் கூட இறங்கலை. மேலே போனேன். கில்மன்ஸ் பாயின்ட் வரைக்கும் போய், அங்கே என் தலையும் சுத்தி, கைவிரலும் மரத்துப்போய்த் திரும்பினேன். உஹூருவும் இல்லை, ஒண்ணும் இல்லை.

பகலில் ஹொரோம்போவுக்கு வந்தப்போ அவன் கட்டிலில் படுத்து டீ குடிச்சுக்கிட்டிருந்தான். ஆயிரம் மீட்டர் இறக்கினதுதான் மருந்து, அதுதான் அவனைக் காப்பாத்துச்சு. என்னைப் பார்த்து, "மேல போயிட்டியா?"ன்னு மட்டும் கேட்டான். இல்லைன்னேன். "அடப்பாவி, அப்போ எதுக்குடா..."ன்னு ஆரம்பிச்சு, நிறுத்திட்டான். அந்த வாக்கியத்தை இன்னிக்கு வரைக்கும் அவன் முடிக்கலை.

2022 செப்டம்பரில் நான் மட்டும் திரும்பப் போனேன். இந்த முறை லெமோஷோ, எட்டு நாள். மேற்குப் பக்கமிருந்து காட்டு வழியா ஏறி, 3,500 மீட்டருக்கும் 4,000 மீட்டருக்கும் நடுவிலேயே நாலு ராத்திரி. நாலாம் நாள் லாவா டவர் வரைக்கும், ஏறத்தாழ 4,600 மீட்டர் ஏறிட்டு, அன்னிக்கே பர்ராங்கோ முகாமுக்கு 600 மீட்டருக்கு மேல இறங்கித் தூக்கம். 'உயர ஏறு, தாழத் தூங்கு'ங்கிறது இதுதான். இந்தப் பாதையும் புத்தகப்படி சுத்தம்னு சொல்லமாட்டேன். முதல் ராத்திரிக்கும் ரெண்டாம் ராத்திரிக்கும் நடுவில் 800 மீட்டர் கிட்டே தாவல், கடைசியில் பராஃபு முகாமுக்கும் 600க்கு மேல. ஆனா நடுவில் உடம்புக்கு மூச்சு விட நாள் குடுக்குது. தலைவலி வந்துச்சு, போயிடுச்சு. ஏழாம் நாள் காலையில் உஹூருவில் நின்னேன். பை நிறைய ஒரு வாடிக்கையாளர் வீட்டு அம்மா குடுத்த தேப்லா. அதில் ஒண்ணை வழிகாட்டிக்குக் குடுத்தேன், அவருக்கு ஏற்கெனவே பழக்கம்தானாம் :-)

நேர்மையா எதிர்ப்பக்கமும் சொல்லிடறேன். மராங்கு பாதையே கெட்டதுன்னு நான் சொல்லலை. ஹொரோம்போவில் ஒரு நாள் கூடத் தங்கி ஆறு நாளாப் போனா ஐந்தை விடப் பரவாயில்லை. முதல்ல பக்கத்தில் இருக்கிற 4,500 மீட்டர் தாண்டின மேரு மலையை ஏறிட்டு, பழகின உடம்போட நேரா வர்றவங்களுக்கு ஐந்து நாள் சரிப்படலாம். மழை வந்தா குடிசை சுகம்தான். அதேமாதிரி எட்டு நாள் போனாலும் நோய் வராதுன்னு உத்தரவாதம் கிடையாது. ஐந்து நாளில் உச்சி தொட்டுட்டு வந்தவங்க நிறையப் பேர் இருக்காங்க. ஹெல்மெட் இல்லாம முப்பது வருஷம் வண்டி ஓட்டினவங்களும் இருக்காங்க.

அதனால தம்பி, (இதைப் படிப்பேன்னு தெரியும்) புக் பண்றதுக்கு முன்னாடி அந்த ஏஜென்ட்டுக்கு இதை மட்டும் அனுப்பு. ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்தில் தூங்குறோம்? எத்தனை பேருக்கு ஒரு உதவி வழிகாட்டி? ஒருத்தர் இறங்கணும்னா, அவரோட இறங்க ஆள் இருக்கா? ஆக்ஸிஜன் சிலிண்டர் உங்க கூட மேலே வருமா, அலுவலகத்திலேயே இருக்குமா? போதும் இறங்குன்னு சொல்ற அதிகாரம் யாருக்கு? சுமைதூக்கிக்குக் கூலி எவ்வளவு? பதில் சொல்லாம, 'சார் இன்னிக்கு மட்டும்தான் இந்த ஆஃபர்'னு சொன்னா, நம்பரை பிளாக் பண்ணிடு. பதில் சொன்னா, அதைப் பேப்பரில் போட்டுப் பார். 3,000 மீட்டருக்கு மேல ஆயிரம் ஆயிரமாத் தாவுதுன்னா, எவ்வளவு கம்மி விலையா இருந்தாலும் அது உனக்கு இல்லை.

முக்கியமா, கூட வர்றவன் தலை வலிக்குதுன்னு சொன்னா, அவன் சொன்னதை அப்படியே மொழிபெயர்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ சிவகாசிக்கும் போயிருந்தேன். அச்சகத்தில் காலண்டர் ஆர்டர் எல்லாம் முடிஞ்சு ஆசுவாசமா இருந்தான். திரும்பப் போலாமாடா, எட்டு நாள், என் செலவுன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "லீவு எத்தனை நாள் போட்டிருக்க, அதை முதல்ல சொல்லு"ன்னான்.

12 நாள் பி.எல். சேர்த்து வெச்சிருக்கேன். அவன் இன்னும் சரின்னு சொல்லலை.

டிஸ்கி: டயமாக்ஸ் மாத்திரை போட்டா ஐந்து நாளில் போலாமேன்னு கேட்க வர்றவங்களுக்கு: அது உடம்பு பழகுறதுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், நாளுக்குப் பதிலா வேலை செய்யாது. சல்ஃபா ஒத்துக்காதவங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். டாக்டர்கிட்டே கேளுங்க. என்கிட்டே எஃப்.டி. வட்டி மட்டும் கேளுங்க.